நீலப் புள்ளி

“உன் வீட்டுக்காரி லாரியில ஏறிட்டாப்பா.”

பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் இப்படிச் சொன்னதும் சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. நாற்காலியில் இருந்தவரின் கன்னம் நூலிழையில் தப்பித்தது.

“யார் சொன்னா?”

“உன் போன்தான் சொல்லுது. நீ இவருக்குச் சோப்பு போடறப்ப புள்ளி ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு. ஒரு கன்னம் முடிக்கறதுக்குள்ள பாலத்தைத் தாண்டி எங்கேயோ போயிடுச்சு. சைக்கிள் இப்படிப் பறக்குமா, நீயே சொல்லு.”

சலூன்காரர் எட்டிப் பார்த்தார். நீலப் புள்ளி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி தபால்காரி. வருஷக்கணக்காகத் தெருத்தெருவாய்ச் சைக்கிள் மிதித்தவள், நீண்ட லீவு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? காலை நீட்டிப் படுக்க வேண்டும். அவளோ, “இந்தக் கடலோரத்துலேர்ந்து அந்தக் கடலோரம் வரைக்கும் தனியா மிதிக்கப் போறேன். நடுவுல எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்” என்று கிளம்பிவிட்டாள்.

அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் அந்தப் புள்ளியைப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் இவர் தொழில் பார்த்தார். தலையில் முடியே இல்லாதவர்கள்கூட அதைப் பார்ப்பதற்காகச் சலூனுக்கு வந்தார்கள்.

வந்தவர்களிடமெல்லாம் இவரும் சும்மா இருக்கவில்லை. “மழை கொட்டினா ஒதுங்கி நிப்பா. வண்டி மட்டும் ஏற மாட்டா. சொன்னா சொன்னதுதான், அவ அப்படி” என்று அளந்து தள்ளியிருந்தார்.

இப்போது தலையைக் குனிந்துகொண்டு மிச்சக் கன்னத்தைச் சிரைத்தார்.

சற்று நேரத்தில் அவருடைய அக்கா போனில் கூப்பிட்டாள். குடும்பத்தில் எல்லார் போனிலும் அந்தப் புள்ளி உண்டு.

“தம்பி, பாத்தியா கூத்தை? இதுக்குத்தான் ஊரைக் கூட்டி மாலை போட்டு அனுப்பினியா? முடியலைன்னா முடியலைன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே. யாரை ஏமாத்தறா?”

“கடையில ஆள் இருக்காங்கக்கா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“அட, அவளையே கூப்பிட்டுக் கேட்டுடேன்” என்றார் பூட்டுக்கடைக்காரர்.

“வேணாம்ண்ணே.”

“ஏன்?”

“கேட்டா எதையாவது சொல்லிச் சமாளிப்பா. இத்தனை வருஷத்துல என்கிட்ட அவ ஒரு பொய் சொன்னதில்ல. இன்னைக்கு நானே கேட்டு எதுக்கு வாங்கணும்?”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

தினமும் மதியம் கடையைச் சாத்தும்போது அவளைக் கூப்பிடுவார். “சாப்பிட்டியா? கால் வலிக்குதா?” இந்த இரண்டு கேள்விதான். அதற்கே அரைமணி நேரம் பேசுவார்கள். அன்று கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எப்படிக் கூப்பிடும் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கடுப்பில் ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதா காணாமல் போனது. பாவம், அவர் கண்ணாடியைப் பார்க்காமலே எழுந்து போனார்.

பொழுது சாயும் நேரத்தில் பூட்டுக்கடைக்காரர் மறுபடி வந்தார். வந்தவர் பேசாமல் இருப்பாரா, போனை நிமிர்த்தினார்.

“புள்ளி நின்னுடுச்சேப்பா.”

“நிக்கட்டும்.”

“ஒரே இடத்துல நிக்குது. இரு, பெருசு பண்ணிப் பாக்கறேன்.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தவர் முகம் மாறியது. “ஏம்ப்பா, இது ஆஸ்பத்திரி.”

பாலம், லாரி, ஆஸ்பத்திரி என்று சலூன்காரரின் மனசு தானாகவே ஒரு கதையைக் கட்டியது. அடிபட்டுக் கிடந்தவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போன வண்டியைப் பார்த்தா, காலையிலிருந்து கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்? இவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சோப்புக் கையோடு போனைப் பிடுங்கினார். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“அம்மாடி, என்னாச்சு? எங்க அடி? லாரியில ஏறினா என்ன, ரயில்ல ஏறினா என்ன, எவன் கேக்கப் போறான். நீ மிதிச்ச வரைக்கும் போதும்டி. நான் இப்பவே கிளம்பி வர்றேன்.”

மறுமுனையில் ஓர் இளம்பெண்ணின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“நான் அக்கா இல்லைங்க. என் குழந்தைக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்துடுச்சுங்க. ரோட்டுல தூக்கி வெச்சுக்கிட்டு அழுதுட்டு நின்னேன். ஒரு வண்டியும் நிக்கல. அக்காதான் சைக்கிளை நடு ரோட்டுல குறுக்கே போட்டு ஒரு வேனை மறிச்சு எங்களை ஏத்திவிட்டாங்க.”

“குழந்தை?”

“இப்ப நல்லா இருக்கானுங்க. தூங்கறான். என்கிட்ட போன் இல்லைன்னு தெரிஞ்சு, ‘உன் வீட்டுக்காரரைக் கூப்பிட வேணாமா, இதை வெச்சுக்க’ன்னு இந்தப் போனைக் கையில திணிச்சுட்டாங்க. ‘மத்தியானம் எங்க வீட்டுக்காரர் கண்டிப்பா கூப்பிடுவார், விஷயத்தைச் சொல்லிடு, இல்லைன்னா பயந்துடுவார்’னாங்க. உங்க நம்பர் எதுன்னு தெரியலைங்க, அதான் நீங்க கூப்பிடுவீங்கன்னு கையிலயே வெச்சுக்கிட்டு இருந்தேன்.”

சலூன்காரர் சோப்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அவகிட்ட… அவகிட்ட போனைக் குடும்மா.”

“அக்கா இன்னும் வந்து சேரலைங்களே,” என்றாள் அந்தப் பெண். “அவங்க சைக்கிள்லதானே வர்றாங்க?”