வால் முறிந்த ழ

அந்தப் பெரியவர் பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அடுத்து எடுத்தது ஒரு பூதக்கண்ணாடி. அதைப் பார்த்ததுமே சுகன்யா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள்.

"இது நீங்க அடிச்சதாம்மா?"

"ஆமா சார், மடுகரை பார்ட்டி. இன்னா சார், பேர்ல எதுனா தப்பா?"

"பேர்ல இல்ல, எழுத்துல." 'அழைப்பிதழ்' என்ற சொல்லின் மேல் கண்ணாடியை வைத்தார். "ழ-வோட வாலைப் பாருங்க, நுனி முறிஞ்சிருக்கு. ஒரிஜினல் 'தேரழகு' ஃபான்ட்ல இப்படி வராது. பூட்டை உடைச்ச திருட்டுக் காப்பியிலதான் வரும். உடைச்சவன் அவசரத்துல வாலையும் சேத்து உடைச்சிட்டான்."

போன வாரம் பாகூரில் திருட்டு ஃபான்ட் பிடிக்க யாரோ வந்து ஒரு கடையின் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனதாகப் பேச்சு. வில்லியனூர் மாட வீதியில் சுகன்யாவின் டி.டி.பி. கடை என்பதே அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆறு பத்திரிகைகள் அதற்குள் காத்திருந்தன.

தேரழகு வைத்திருப்பதைத் திருட்டு என்று அவள் நினைத்ததே இல்லை. யாரோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள்; பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை மாதிரி. ஆனால் எதிர்க்கடை அரிகரன் அதே ஃபான்டை அவளுடைய பென்டிரைவிலிருந்து சுட்டபோது மட்டும் அது திருட்டாகத் தெரிந்தது. வீதியே கேட்கிற மாதிரி கத்தினாள். ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

"சிஸ்டத்தைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"வைரஸ் புடிச்சிருக்கு சார். ஆன் ஆவறதுக்கே நேரமாவும். ஒரு டீ சாப்ட்டு வாங்களேன்."

"இருக்கட்டும்மா. மூணு மாசமா இதைத் தேடி அலையறேன். அஞ்சு நிமிஷம் பெரிசா?"

மூணு மாசமா! திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். தேரழகை அழித்தாள். குப்பைக் கூடையையும் காலி செய்தாள். பென்டிரைவையும் விடவில்லை. ஆறு பத்திரிகைகளிலும் மணமக்கள் பெயர்கள் வெறும் கட்டங்களாகி நின்றன. யோக்கியமாவது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

திரையை அவர் பக்கம் திருப்பினாள். "நல்லா தேடிக்குங்க சார். அந்த மடுகரை ஃபைல் கடலூர்லேர்ந்து ரெடியா வந்துச்சு. நான் பிரின்ட் போட்டதோட சரி. திருட்டு வேலைல்லாம் நம்மகிட்ட கெடையாது." 'எதிர்க்கடையில வேணா கேளுங்க' என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள்.

அவர் ஃபான்ட் பட்டியலைக் கடைசி வரை பார்த்தார். மறுபடி மேலிருந்து பார்த்தார். பிறகு ஸ்டூலில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"போச்சா," என்றார். "என் பேரு தெய்வநாயகம். தேரழகை வரைஞ்சது நான்தாம்மா. எவனும் திருடக் கூடாதுன்னு பூட்டு போட்டேன். கம்ப்யூட்டர்ல சொருவற மாதிரி சாவி ஒண்ணும் செஞ்சேன். அந்தச் சாவி கெட்டுப்போச்சு. இப்ப என் எழுத்து எனக்கே தொறக்க மாட்டேங்குது. பொண்ணு கல்யாணப் பத்திரிகையை அதுலதான் அடிக்கணும்னு ஆசை. எவனாவது ஒரு திருடன் வச்சிருப்பான்னு நம்பி ஊரூரா அலையறேன். எல்லாரும் யோக்கியமா இருக்கீங்க."

சுகன்யா கட்டங்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, ஆறு மாதமாக பிளாக் செய்து வைத்திருந்த எண்ணை விடுவித்து அழைத்தாள்.

"அரிகரண்ணா, நல்லா இருக்கீங்களா? எங்கிட்டேர்ந்து நீங்க திருடினது இன்னும் பத்திரமா இருக்குதா?"