முகம் சுளிக்காமல்

"மூக்கைப் பொத்தினியாமே? அவங்க வீட்டுல, அவங்க டேபிள்ல உக்காந்துக்கிட்டு, கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்தினியாமே! அறிவிருக்கா உனக்கு?"

அப்பப்பா, என்ன சத்தம்! கண்ணாடிக் கதவையும் மீறி வெளியே வேலை பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரோம்பேட்டையில் பம்புகளுக்கு வால்வு செய்யும் அந்தக் கம்பெனி ஸ்ரீரங்கனுடையது. எதிரே நின்ற ஹரிபிரசாத், ஆறு மாத வேலையாகக் கொரியா போய், இரண்டே மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டவன். நேற்றுதான் வந்து இறங்கினான்.

"சார், நான் சுத்த சைவம். அந்த மீன் சூப் ஸ்மெல்லு..."

"நான் மட்டும் என்ன, மீன் தின்னு வளர்ந்தவனா? பதினஞ்சு வருஷமா நம்ம கொரியா கஸ்டமர் அந்த கிம் சாரோட உக்காந்து சாப்பிடறேன். அவர் மீன் சாப்பிடுவார், நான் வெறும் சாதமும் கீரையும் சாப்பிடுவேன். உன்னை மீன் சாப்பிடச் சொன்னேனா? மரியாதையா உக்காரத்தானே சொன்னேன்! கிண்ணத்தை ரெண்டு கையால வாங்கு, பெரியவர் ஸ்பூனை எடுத்தப்புறம் நீ எடுன்னு படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அவரோட சம்சாரம் உனக்காகக் காலையிலேர்ந்து நின்னு சமைச்சிருக்காங்க. நீ மூக்கைப் பொத்தினா அது மீனுக்கா அவமானம்? அந்தம்மாவுக்கு அவமானம்டா!"

நியாயமான கோபம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹரிபிரசாத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அடுத்தவங்க சாப்பாட்டைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கறவன் எந்த ஊர்லயும் வேலை பார்க்க லாயக்கில்லை. என் கம்பெனிக்கு லாயக்கே இல்லை!"

"சார், வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க சார். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டுல நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவன் கண் கலங்கியதைப் பார்த்து ஸ்ரீரங்கன் கொஞ்சம் இறங்கி வந்தார். மணி பார்த்தார். ஒன்று.

"சரி, ஒரே ஒரு சான்ஸ். டைனிங் ரூமுக்கு வா. இன்னிக்கு யார் மீன் கொண்டு வந்திருக்காங்களோ, அவங்களுக்கு நேர் எதிர்ல உக்காந்து நீ சாப்பிடணும். நான் பக்கத்துலயே நின்னு பார்ப்பேன். முகத்துல ஒரு சுருக்கம் விழுந்துதோ, ஐடி கார்டைக் கழட்டி வெச்சிட்டுப் போய்க்கிட்டே இரு!"

விடுவிடுவென்று அவர் முன்னே நடக்க, ஹரிபிரசாத் தயிர்சாத டப்பாவோடு பின்னால் ஓடினான்.

டைனிங் ரூமில் முப்பது பேர் இருந்தார்கள். சாம்பார், புளியோதரை, உருளைக்கிழங்கு. ஸ்ரீரங்கன் மேஜை மேஜையாக எட்டிப் பார்த்தார்.

"யார்கிட்ட மீன் இருக்கு?"

ஒருத்தரும் நிமிரவில்லை.

"முட்டையாவது இருக்கா?"

யாரோ செருமினார்கள். அவ்வளவுதான். அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"கேக்கறேன்ல? இத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா மீன் சாப்பிட மாட்டீங்க? அக்கவுண்ட்ஸ்ல அந்தப் பொண்ணு பிளஸ்ஸி எங்க? லோகநாதன் எங்க?"

தண்ணீர் கேனைத் தோளில் சுமந்துகொண்டு வந்த வாட்ச்மேன் தனக்கோடிதான் பதில் சொன்னார்.

"அவங்கல்லாம் பைக் ஸ்டாண்டாண்ட நின்னுகினு துன்றாங்க சார். மழை பேஞ்சாலும் அங்கதான்."

"பைக் ஸ்டாண்டுலயா? மனுஷங்க சாப்பிடற இடமாய்யா அது? எவன் அவங்களை வெளியே துரத்தினது? பேரைச் சொல்லு, இவனுக்கு முன்னாடி அவனை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!"

தனக்கோடி கேனை இறக்கி வைத்துவிட்டு, கதவைக் காட்டினார். 'மீன், முட்டை, இறைச்சி உள்ளே கொண்டு வரக் கூடாது. நாற்றம் சகிக்கவில்லை' என்று அங்கே ஒட்டியிருந்த தாளின் அடியில், பச்சை மையில், ஸ்ரீரங்கனின் கையெழுத்து இருந்தது.