நனைந்த மிளகு

"காவல் நேரத்தில நித்திரை கொண்டவனுக்குச் சம்பளமோ? ஒரு சதமும் தரமாட்டன்!"

கப்டன் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தார். சனம் கைதட்டியது. மாலுமி வேடத்தில் இருந்த நிர்மலன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

முந்நூறு வருடத்துக்கு முந்திய வியாபாரக் கப்பலைப் போலவே செய்து தேம்ஸ் நதியில் கட்டி வைத்திருக்கும் கப்பல் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கீழ்த்தட்டில் இந்த வழக்கு நாடகம் நடக்கும். மாதக் கடைசி ஞாயிறென்றால் தமிழில். மிளகு மூட்டைகள் கடல் தண்ணீரில் நனைந்துவிட்டன. மாலுமி தூங்கியதால் என்பார் கப்டன். கிழிந்த தார்ப்பாயை மாற்றித் தராததால் என்பான் மாலுமி. பார்க்க வந்தவர்கள்தான் கையை உயர்த்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நிர்மலன் வழக்கமாகத் தோற்றுப்போவான். அதற்காக அவன் கவலைப்பட்டதும் இல்லை. ஆனால் இன்றைக்குத் தோற்கக்கூடாது. காலையில் பிறேமினி போன் பண்ணியிருந்தாள்.

"அப்பா இண்டைக்கு உங்கட கப்பலுக்கு வாறார். கப்பலில கூத்தாடுறவனுக்குப் பொம்பிளை குடுக்கிறதோ எண்டு வீட்டில ஒரே சத்தம். தானே வந்து பாத்துத்தான் முடிவு சொல்லுவாராம்."

"ஐயோ! ஆள் எப்பிடி இருப்பார்? ஒரு படம் அனுப்புமன்."

"எங்கட வீட்டில படம் எடுக்கிறதே அவர்தான். அதால ஒரு படத்திலயும் அவர் இல்லை. ஆளைக் காட்டிக் குடுக்கக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியமும் வாங்கிப்போட்டார்."

மாப்பிள்ளைக்குத் தெரியாமல் போய் விசாரிக்கும் வழக்கம் நம்மவர்களுடன் விமானம் ஏறி லண்டனுக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்பார்கள், கோயிலில் பாதரிடம் கேட்பார்கள், வேலைத்தலத்துக்கே வந்து நின்று பார்ப்பார்கள். அப்படி வருகிறவர்களின் முகமே சொல்லிக் கொடுத்துவிடும் என்பது நிர்மலனின் எண்ணம். நாடகம் தொடங்குமுன்பே ஆளைப் பிடித்துவிட்டான். முன்வரிசை, நடுக்கதிரை. கோட், தடித்த மீசை, மடியில் குடை. மருந்துக்கும் சிரிப்பில்லை. பெண்ணைப் பெற்றவர் என்று நெற்றியில் எழுதி ஒட்டாததுதான் குறை.

போதாக்குறைக்கு, எப்போதும் கப்டனாக நடிக்கும் பீற்றர் அண்ணைக்குத் தொண்டை கட்டிவிட்டது. தனக்குப் பதிலாக ஒரு கூட்டாளியை அனுப்பியிருந்தார். ஒட்டுத்தாடியும் தொப்பியுமாகக் கடைசி நேரத்தில் ஓடிவந்த அந்த மனிதர், எழுதிய வசனத்தை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டார்.

"நீ குடிக்கிறனியோ?"

இது நாடகத்திலேயே இல்லாத கேள்வி. நிர்மலன் குடைக்காரரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

"நத்தார் பூசைக்கு ஒரு கிளாஸ் வைன், கப்டன். அதுவும் பாதர் ஊத்தித் தந்தால்தான்."

சனம் சிரித்தது.

"கடன் கிடன் இருக்கோ?"

"சம்பளம் தரமாட்டன் எண்டுறீங்கள். இனித்தான் வாங்கவேணும்."

"கலியாணம் கட்டினால் உழைக்கிற காசை ஆரிட்டக் குடுப்பாய்?"

"அவ உழைக்கிறதும் நான் உழைக்கிறதும் ஒரே பெட்டிக்குள்ள, கப்டன். பூட்டுத் திறப்பு ரெண்டு பேரிட்டையும் இருக்கும்."

குடைக்காரரின் மீசை லேசாக அசைந்தது. அது சிரிப்பேதான்! நிர்மலனுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"இவ்வளவு வாய் இருக்கு, பிறகேன் காவலில நித்திரை கொண்டனி?"

"காய்ச்சலில கிடந்தவன்ர காவலையும் சேத்து நான்தான் பாத்தனான். அதை ஒருக்கால் எண்டாலும் கேட்டனீரோ? தார்ப்பாய் கிழிஞ்சுபோச்செண்டு வந்து வந்து சொன்னன். ஊசியை எடுத்துத் தையடா எண்டு சொன்னீர். கஞ்சப் பிசினாறி!"

பின்வரிசையில் விசில் பறந்தது. வசனம் அத்தோடு முடிந்தது. நிர்மலனின் நாக்குத்தான் நிற்கவில்லை.

"உம்மட மகளைக் கட்டப்போறவன் பாவம்! சீதனமெண்டு நனைஞ்ச மிளகு மூட்டையைத்தான் தூக்கிக் குடுப்பீர்!"

சிரிப்பில் கப்பலே ஆடியது. தீர்ப்புக் கேட்டதும் அத்தனை கைகளும் மாலுமிக்காக உயர்ந்தன. குடைக்காரர் குடையையே உயர்த்தினார். கப்டன் முணுமுணுத்துக்கொண்டு சம்பளப் பையை நீட்டினார்.

வேடத்தைக் கூடக் கலைக்காமல் நிர்மலன் முன்வரிசைக்கு ஓடினான்.

"அங்கிள், வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம். பிறேமினி எல்லாம் சொன்னவ."

"ஆர் பிறேமினி?"

"உங்கட... உங்கட மகள்."

"எனக்கு நாலும் பொடியங்கள், தம்பி. நான் பிளேஸ்டோவில இருந்து பேரப்பிள்ளையளோட வந்தனான். நல்லா ஏசினீர், வாறன்." அவர் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நிர்மலன் அவர் விட்டுப்போன கதிரையில் உட்கார்ந்தான். அப்படியென்றால் பிறேமினியின் அப்பா வரவே இல்லை. இவ்வளவு பாடுபட்டு நல்ல பிள்ளையாக நடித்ததெல்லாம் வீண்!

யாரோ முதுகில் தட்டினார்கள். திரும்பினால் கப்டன், ஒட்டுத்தாடியைப் பிய்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ஒரு ஆளுக்குக் காட்டவேணுமெண்டு உங்களைக் கண்டபாட்டுக்கு ஏசிப்போட்டன்."

"அதுக்கென்ன தம்பி. பீற்றருக்குத் தொண்டையில ஒரு கோதாரியும் இல்லை, நான்தான் கெஞ்சிக் கேட்டு இந்த வேசத்தை வாங்கினனான்." அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "தவக்காலத்துக்கு முந்திக் கலியாணத்தை வைப்பமெண்டு இப்பதான் பிறேமினிக்குப் போன் பண்ணினன், இனிச் சொல்லும், நனைஞ்ச மிளகு எத்தனை மூட்டை வேணும்?"