கப்பல் நிற்காது

"இன்னும் கொஞ்சம் எட்டிப் போடும்மா. கப்பல் நமக்காக நிக்காது" என்றான் ஜெயபிரகாஷ்.

தையல்நாயகி எட்டிப் போட்டாள். காரைக்கால் கடற்கரைச் சாலையில் சுண்டல்காரன் முதற்கொண்டு எல்லாரும் அவளையே வேடிக்கை பார்த்தார்கள். எழுபது தாண்டிய மனுஷி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகன் வாங்கிக்கொடுத்த வெள்ளை ஷூவில் ஓட்டமும் நடையுமாகப் போனால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? போன வருஷம் வழுக்கி விழுந்ததில் பிசகிய இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. தெறித்தால் தெறிக்கட்டும். பெரியவனைப் பார்க்கப் போகிறாள், இடுப்பாவது ஒன்றாவது!

பெரியவன் சோமு பிரான்சில், மார்செய் துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கிறான். ஊர்ப்பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. அதை வைத்து அண்ணனுக்கும் தம்பிக்கும் போனிலேயே வாய்த்தகராறு முற்றி, பேச்சுவார்த்தை அற்றுப்போனது. இவள் கூப்பிட்டாலும் சோமு எடுப்பதில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அப்படியிருக்க, போன மாதம் ஜெயபிரகாஷே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூன்று பேருமாகக் கப்பலில் டூர் போகிறோம், மார்செயில் ஒரு பகல் கப்பல் நிற்கும், அண்ணன் வீட்டுக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன் என்றான். அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். இரண்டாவது பிள்ளைக்கு இவ்வளவு மனசா!

மருமகள் கீர்த்திகாவுக்குத்தான் விசா அலைச்சல். தையல்நாயகியின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர் என்பதால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டே உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் இதெல்லாம் அதிசயமில்லை.

டிராவல்ஸ் வைத்திருக்கும் அப்ரார் வீட்டுக்கே வந்து விளக்கினான். கப்பல்காரர்களே பஸ் வைத்து ஊர் சுற்றிக் காட்டுவார்களாம். அந்த பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நாமாக டாக்சி பிடித்துப் போய்ப் பிந்தினால் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். பெரியவங்களை வைத்துக்கொண்டு இந்த வம்பு எதற்கு என்று அப்ரார் படித்துப் படித்துச் சொன்னான்.

ஜெயபிரகாஷ் கேட்கவில்லை. கப்பல் பஸ் மலைமேல் இருக்கும் மாதா கோயில், சோப்புக் கடை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடும், அண்ணன் வீட்டு வாசலில் நிற்குமா? காலையில் டாக்சியில் அம்மாவை அங்கே இறக்கிவிடுவது, இவனும் கீர்த்திகாவும் ஊரைப் பார்ப்பது, சாயங்காலம் வந்து குரல் கொடுத்ததும் அம்மா மாடியிலிருந்து மளமளவென்று இறங்கி வருவது. திட்டம் அதுதான். அதற்குத்தான் இந்த நடைப் பழக்கம்.

கரையில் இறங்கக் கப்பலில் தரும் அட்டை போதும், பாஸ்போர்ட்டை ரூமிலேயே வைத்துவிடலாம் என்றும் அப்ரார் சொன்னான்.

"அம்மாவோடது மட்டும் அவங்க பையிலயே இருக்கட்டும்" என்றான் ஜெயபிரகாஷ். "வயசானவங்க. எதுக்கும் கையில இருந்தா நல்லது."

பிள்ளைக்குத் தன்மேல் எத்தனை கரிசனம் என்று தையல்நாயகிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அண்ணனிடம் மூச்சு விடக்கூடாது, தெரிந்தால் வீம்புக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று அவன் சொன்னதற்கும் தலையாட்டினாள். சோமுவுக்குப் பிடித்த மோர்மிளகாயும் வடகமும் காய்ந்து டப்பாவில் ஏறின. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டிச் சமாதானம் பண்ணிவிடுவது என்று அவளுக்கும் ஒரு திட்டம் இருந்தது.

அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். பெரியவன் முகத்தைப் பார்த்த மயக்கத்தில் கிளம்ப நேரமாகி, தன்னால் சின்னவன் கப்பலைக் கோட்டை விட்டால்? முன்பின் தெரியாத ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் நடுத்தெருவில் நின்றால்?

கடற்கரையில் நின்று மூச்சு வாங்கியபடி அதைக் கேட்டேவிட்டாள். "நான் பிந்திட்டேன்னா என்னடா பண்ணுவ?"

ஜெயபிரகாஷ் குனிந்து, அவிழ்ந்திருந்த ஷூக் கயிற்றை முடிந்துவிட்டான். "உன்னால ஒண்ணும் பிந்தாதும்மா. நீ கவலைப்படாத" என்றான்.

அந்தச் சொல் போதும் அவளுக்கு. இன்னொரு சுற்றும் நடந்துவிட்டுத்தான் தருமபுரத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினாள்.

ஜெயபிரகாஷ் குளிக்கப் போனான். தையல்நாயகி இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. அப்ரார்தான். ஜெயபிரகாஷ் அண்ணன் போனை எடுக்கவில்லை, அதனால் உங்களைக் கூப்பிட்டேன் என்றான்.

"இன்னைக்கு வெரசா நடந்தேன் தம்பி. கப்பலை விட்டுட மாட்டேன்" என்று அவள் பெருமை அடித்துக்கொண்டாள்.

அவனும் சந்தோஷப்பட்டான். கப்பல் ஏற ஐரோப்பாவுக்குப் போகும் பிளைட் டிக்கெட்டைப் போட்டுவிட்டதாகவும், அண்ணனிடம் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டான்.

"மூணு பேருக்கும் போட்டுட்டீங்கல்ல தம்பி?"

"போறதுக்கு மூணு பேருக்கும் போட்டாச்சும்மா. திரும்பி வர்றதுக்குத்தான், உங்களுக்கு வேண்டாம்னுட்டாரு அண்ணன்."