ஒரே ஒரு அட்டை

“ஒரே ஒரு அட்டை கொடுங்கண்ணே. மூணு நாளா மனுஷன் கண்ணை மூடல.”

மருந்துக் கடைக்காரர் அந்தப் பெண் நீட்டிய சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. தூக்க மாத்திரை, பத்து நாளைக்கு.

“எழுதி ஒரு வருஷம் ஆச்சேம்மா?”

“வீட்டுக்காரருக்கு வேலை போன சமயம். படபடப்பா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் அது இல்லாம முடியல.”

“இப்போ எத்தனை போடறாரு?”

“ஆரம்பத்துல பாதி. பிறகு ஒண்ணு. இப்போ மூணு.” அவள் குரல் இறங்கியது. “சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து, சாப்பாடு எங்கேன்னு கேக்கறாரு. போன வாரம் மாடிப்படியில விழுந்தாரு. மாத்திரை தீர்ந்தா கை நடுங்குது, என்னை அடிக்கவே வர்றாரு. உங்களைக் கடவுளா நினைச்சுக் கேக்கறேன்.”

கடைக்காரர் சீட்டை அவள் பக்கமே நகர்த்தினார். “புதுச் சீட்டு இல்லாம தர மாட்டேன்.”

தெருவில் அவருக்குக் ‘கறார்’ என்றுதான் பெயர். சொந்த மைத்துனனுக்கே சீட்டு இல்லாமல் மாத்திரை தர மறுத்தவர். அன்றிலிருந்து அந்த மைத்துனன் இவர் வீட்டு வாசல்படி மிதிப்பதில்லை. இப்படி ஒரு வியாபாரியை வைத்துக்கொண்டு அந்தக் கடை இன்னும் ஓடுவதே அதிசயம்தான்.

இருமல் மருந்துக்காக நின்றிருந்தவருக்குப் பொறுக்கவில்லை. “ஒரு பொம்பளை இப்படி அழுதுட்டு நிக்கறாங்க. கொடுத்தா குடி முழுகிப் போயிடுமா?”

“முழுகித்தான் போயிட்டிருக்கு சார். மூணுன்னு சொன்னாங்கல்ல? நான் கொடுத்தா நாலாகும்.”

“நீயெல்லாம் ஒரு மனுஷனா?” அவள் மேஜையில் ஓங்கித் தட்டினாள். “அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது!”

அது கடைக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஆகும்மா, எனக்குத் தெரியும். திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரும். அதனாலதான் நிறுத்தச் சொல்லல. டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்னு சொல்றேன். அவரைத் திட்டாதீங்க. பழகின உடம்பு, கேக்குது. அது அவர் தப்பில்ல.”

சொன்னதோடு நிற்கவில்லை. எதிர்க் கட்டடத்து டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடம் பேசினார்.

“இப்பவே பாக்கறாங்களாம். வீடு எங்கேன்னு சொல்லுங்க, நானும் வரேன். மாடிப்படியில ரெண்டு பேராப் பிடிச்சு இறக்கலாம்.” சட்டைப் பையில் சாவியைத் தேடிக்கொண்டே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

“அப்போ என் இருமல் மருந்து?” என்றார் நின்றிருந்தவர்.

“இருமல் அரை மணி நேரம் பொறுக்கும் சார்.”

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். இப்போது வந்த குரல் வேறாக இருந்தது.

“வீட்டுல யாரும் இல்லண்ணே. திட்டினதுக்கு மன்னிச்சுடுங்க. அவரு மூணு மாசமா ஆஸ்பத்திரியில இருக்காரு. நீங்க சொன்ன மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, படாத பாடு பட்டு, விட்டுட்டாரு. அடுத்த வாரம் அனுப்பறாங்க.”

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்புறம் எதுக்கும்மா இந்த மாத்திரை?”

அவள் கைப்பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தாள். ஒன்பது அட்டைகள் விழுந்தன. ஒன்பதும் அதே மாத்திரை.

“எங்க வீட்டுப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு, காலையிலேர்ந்து ஒன்பது கடை ஏறி இறங்கிட்டேன். இதே சீட்டு, இதே அழுகை. ஒருத்தர்கூடத் தர மாட்டேன்னு சொல்லல.” அவள் அட்டைகளை அவர் பக்கம் நகர்த்தினாள். “அண்ணே, இந்தத் தெருவுல எங்களுக்கு வாடகைக்கு ஒரு வீடு கிடைக்குமா?”