பாக்கு வாங்கிய கை

அநியாயம் நடந்தது ஒரு காட்டுப்பூனைக்கு. மணியம்மாளின் கோழிகள் இரண்டு காணாமல் போனதற்காக, அதன் உயிரை எடுத்துவிடுவது என்று நெல்லித்தோப்பில் ஒரு தெருவே கூடி முடிவு செய்தது.

பூனை கோழியைத் தின்றால் குற்றம். நாம் தின்றால் ஞாயிற்றுக்கிழமை. இது எந்த ஊர் நியாயம்?

இப்படித்தான் கேட்டாள் வசந்தா. சிதம்பரத்தில் விலங்கியல் படிக்கிற பெண். விடுமுறைக்கு வந்தவள், காட்டுப்பூனையின் படத்தைப் பெரிதாக வரைந்து தெருக்குழாய்ப் பக்கத்துச் சுவரில் ஒட்டி, தண்ணீர் பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினாள்.

“வயல் எலியைத் தின்னு நம்ம நெல்லைக் காப்பாத்துறதே இதுதான், அத்தே. கூண்டுக்கு ஒரு கதவு போடுங்க, போதும்.”

“எலி தின்ன வாய்க்கு என் கோழி எதுக்குடி? உன் புஸ்தகத்துல அதுக்குப் பதில் இருக்கா?” என்று குடத்தை இடுப்பில் ஏற்றினாள் மணியம்மாள்.

குழாயடியே சிரித்தது.

நாட்டாமை கோவிந்தசாமி, காசிலிங்கத்தைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு கொடுத்தார். காசிலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் சண்டை போட்டவர். தெருவில் அவருக்குப் பெயரே சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். துப்பாக்கி வைத்திருப்பவரும் அவர் ஒருவர்தான். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு மிருகத்துக்காக ஒருவர் பாக்கு வாங்கிவிட்டால், அதை அவர் திருப்பித் தரும்வரை வேறு யாரும் அந்த மிருகத்தின் மேல் கை வைக்கக் கூடாது.

பூனை பதுங்கும் கோரைப் புதர் இருந்த ஏரிக்கரைக்குச் சொல்தா போனார். வேட்டுச் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு திரும்பினார்.

மறுபடி போனார். மறுபடி வேட்டு. மறுபடி வெறுங்கை.

“இந்தோசீனாவுல இவரு இன்னா, கொசுவையா சுட்டுக்கிட்டு இருந்தாரு?” என்றான் மில்லில் வேலை பார்க்கும் பலராமன். “பாக்கை என்கிட்ட குடுங்க நாட்டாமை. கோழிக் குடல்ல எலிப் பாஷாணம் தடவிக் கோரையில போட்டா, குட்டியோட சேர்த்துக் கதை முடிஞ்சிடும்.”

“இன்னும் ஒரே ஒரு தடவை அவரு போவட்டும்” என்றார் நாட்டாமை.

சொல்தா பழைய பட்டாளத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, நடுத்தெருவில் வசந்தா மறித்தாள்.

“நீங்க வேட்டைக்காரர் இல்ல மாமா. கொலைகாரர்!”

“அப்படியே வெச்சுக்கோ, மத்மசேல்” என்று பிரெஞ்சுக்காரப் பெண்ணை அழைப்பதுபோல் சொல்லிவிட்டு விலகி நடந்தார்.

அவள் விடவில்லை. பின்னாலேயே போனாள். பூனை தலைகாட்டியதும் கத்திக் கூச்சல் போட்டு விரட்டிவிடுவது என்று திட்டம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரைமேட்டில் சொல்தா உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

கோரை விலகியது.

மணல் நிறம். நெடிய கால்கள். காது நுனியில் கறுப்பாக ஒரு கொத்து முடி. வாயில் ஒரு வயல் எலி. காலுக்கடியில் உருண்டு புரண்டு வரும் குட்டிகள்.

கல்லூரியில் பஞ்சடைத்து வைத்ததைத்தான் வசந்தா பார்த்திருக்கிறாள். இது நடந்தது. நின்றது. அவளை நேருக்கு நேர் பார்த்தது. அதில் பயமும் இல்லை, பகையும் இல்லை. கேட்காமல் உள்ளே வந்தவளை வீட்டுக்காரி பார்க்கிற பார்வை.

கத்த வந்தவள் கத்த மறந்தாள். கண்ணை எடுக்க மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய அழகுக்காகவா இத்தனை நாள் இவ்வளவு சின்ன வார்த்தைகளில் வாதாடினோம்!

அப்புறம்தான் சொல்தாவின் நினைவு வந்து, பதறித் திரும்பினாள்.

துப்பாக்கி அவர் மடியிலேயே கிடந்தது. அவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் எலியைக் கீழே போட்டது. குட்டிகள் அடித்துப் பிடித்துத் தின்று முடிக்கும்வரை அவர் அசையவில்லை. எல்லாம் கோரைக்குள் போய் மறைந்த பிறகு எழுந்தார். ஆகாயத்தைப் பார்த்து ஒரு வேட்டு போட்டார்.

“என்ன மாமா இது?”

“தெருவுக்குக் கேக்கணும் இல்ல?” சட்டைப்பையில் பாக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இது என்கிட்ட இருக்கிறவரைக்கும் எவனும் அந்தக் கோரைக்குள்ள கால் வைக்க முடியாது.”

“அப்போ, முன்னாடி போட்ட வேட்டெல்லாம்?”

“சுட்டதெல்லாம் இந்தோசீனாவுலயே போதும்னு ஆயிப்போச்சும்மா.”

தெருமுனையில் எல்லோரும் காத்திருந்தார்கள். சொல்தாவின் வெறுங்கையைப் பார்த்ததும் பலராமன் கைதட்டினான்.

“கொசுவும் தப்பிச்சிடுச்சா?”

நாட்டாமை சிரிக்கவில்லை. கையை நீட்டினார். “போதும் சொல்தா. பாக்கைக் குடுத்துடுங்க. பலராமன் பாத்துக்கட்டும்.”

சொல்தாவின் கை சட்டைப்பைக்குப் போய், அங்கேயே நின்றது.

“இருங்க, இருங்க” என்றாள் மணியம்மாள். “வசந்தாவும் கூடத்தானே போனா? அவளுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. மூஞ்சிக்கு நேரா உள்ளதைச் சொல்ற பொண்ணு. அவளைக் கேளுங்க.”

நாட்டாமை வசந்தாவின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. இவருக்குக் குறி பாக்கத் தெரியுதா, இல்லியா?”

தெரு முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. அவள் சொல்தாவை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள்.

“கொலைகாரர்னு நான் சும்மாவா சொன்னேன்? இன்னிக்கு மயிரிழையிலதான் தப்பிச்சுது. அடுத்த தடவை இவரு விடவே மாட்டாரு. அதுவரைக்கும் அத்தே கூண்டுக்கு ஒரு கதவு போட்டுக்கட்டும். பாக்கு இவர்கிட்டயே இருக்கட்டும்!”