எட்டாயிரம் ரூபாய்க் கதவு

கல்யாண மண்டபத்துத் தூணில் இடித்துக்கொண்ட வெள்ளைக் கார் ஒன்று டிங்கரிங் பட்டறைக்கு வந்து நின்றது. இடது கதவில் தோசைக்கல் அகலத்துக்குப் பள்ளம். பின் பம்பரில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல்.

மேஸ்திரி காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"கதவுக்கு எட்டாயிரம் ஆகும் சார். பம்பருக்கு ஐந்நூறு போதும்."

வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்த கதவுக்கு, தொகையைக் கேட்டதும் வலி போன இடம் தெரியவில்லை.

"கேட்டியா பம்பரு, எட்டாயிரமாம். உள்ளேயிருந்து தட்டி எடுத்து, பட்டி பூசித் தேய்ச்சு, மூணு தடவை பெயின்ட் அடிக்கணுமாம். லேசுப்பட்ட அடியா இது?"

பம்பருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அந்தத் தூண் என்னையும் இன்னும் கொஞ்சம் நல்லா இடிச்சிருக்கலாம்," என்று முணுமுணுத்தது.

கார்க்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, "பம்பரை மட்டும் பாருங்க," என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அறுபது ரூபாய்க்குப் பெரிய சிங்க ஸ்டிக்கர் ஒன்று வாங்கிவந்து கதவின் பள்ளத்தை மூடி ஒட்டினார். சிங்கத்துக்குக் கன்னம் மட்டும் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தது.

பம்பர் பளபளவென்று கிளம்பியது. கதவு சிங்கத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு வந்தது.

முதல் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோ, கதவை மேலும் கீழும் பார்த்தது. "என்னண்ணே, சிங்கமெல்லாம் பலமா இருக்கு?"

கதவு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"உள்ளே எட்டாயிரம் ரூபாய் இருக்கு தம்பி. காவலுக்கு வெச்சிருக்காங்க."